வெண்கலத்தில் பிறவாத வெண்கலச் சிற்பம்

இத்தாலியக் கலைஞர் உம்பெர்த்தோ போச்சோனியின் 'வெளியில் தொடர்ச்சியின் தனித்த வடிவங்கள்' என்னும் சிற்பத்தின் வெண்கலப் படிகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், அதே நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும், இலண்டனின் டேட் காட்சிக்கூடத்திலும், மிலான் நகரின் நோவெச்செந்தோ அருங்காட்சியகத்திலும் நிற்கின்றன. இவற்றின் விவரக்குறிப்புகள் 1913 என்னும் ஆண்டை முதலில் சொல்லி, வார்க்கப்பட்ட ஆண்டு என்று வேறோர் எண்ணை அதன்பின் தருகின்றன. பார்வையாளர் பெரும்பாலும் படிக்காமல் கடந்துவிடும் அந்த இரண்டாவது எண்ணில்தான் இச்சிற்பத்தின் வினோதமான வரலாறு அடங்கியிருக்கிறது. 1913இல் இதன் வெண்கலப் படி உலகில் எங்கும் இருந்ததில்லை; இதைச் செய்தவர் 1916இல் இறக்கும் வரையில் இது வெள்ளைப் பாரிஸ் சாந்தால், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று பரவலாக அறியப்படும் பொருளால் ஆன ஒற்றை உருவமாக மட்டுமே இருந்தது. அது மட்டுமன்று, வெண்கலத்தையும் சலவைக்கல்லையும் சிற்பிகள் கைவிட வேண்டும் என்று இதைச் செய்வதற்கு முந்தைய ஆண்டில் அச்சிட்டு அறிவித்தவரும் அவரே.

அடித்தளத்தின் அமைப்பைப் பொறுத்துப் படிக்குப் படி சற்றே வேறுபட்டாலும், சிற்பத்தின் உயரம் ஏறத்தாழ 110 முதல் 120 செ.மீ. வரை இருக்கிறது, ஏழெட்டு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு மேல் இராது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கால்களை அகல வீசி விரைந்து நடக்கும் ஓர் ஆள் என்பது கண்ட கணத்திலேயே புலப்படும். உற்று நோக்கத் தொடங்கியதும் அந்த ஆளின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகின்றன. கைகள் இல்லை, தோள்கள் இருக்க வேண்டிய இடத்தில் முறுகிய மேடுகள் மட்டுமே தெரிகின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணோ மூக்கோ வாயோ கிடையாது. தலைக்கவசத்தையும் சிலுவையையும் ஒருசேர நினைவூட்டும் தகடுகள் அங்கே ஒன்றையொன்று வெட்டி நிற்கின்றன. தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை தன் எல்லையோடு நின்றுவிடாமல், காற்றில் பின்னோக்கிச் சாயும் தீக்கொழுந்து போல வெளியே இழுபட்டுச் செல்கிறது. பாதங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கட்டையின்மேல் பதிந்திருக்க, இரு கட்டைகளுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தின் மீது அவ்வுருவம் பாலம் போல விரிகிறது. நேர் எதிரே வந்து நின்றால் பக்கத்திலிருந்து கண்ட அந்த ஓட்டம் மறைந்து, புரியாத மடிப்புகளும் குழிவுகளும் மட்டுமே எஞ்சுகின்றன. சுற்றி நடந்தால்தான் இச்சிற்பம் தன்னை முழுமையாகக் காட்டும். ஒரே ஒரு நிழற்படத்தில் இதைப் பார்த்தவர் இதன் கால் பங்கைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார்.

கலை விமரிசனத்தில் அரூபம் என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. உலகில் உள்ள எந்தப் பொருளையும் சுட்டாமல், கோடும் வண்ணமும் கன அளவும் தம்மளவில் நிற்கும் படைப்பு முழு அரூபம் எனப்படும். கண்ணுக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்கி, அதன் தோற்ற விவரங்களைக் களைந்தும் மாற்றியும், சாயல் மட்டும் எஞ்சும்படி செய்யப்படுவது இரண்டாம் வகை. போச்சோனியின் சிற்பம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனினும் அவ்விளக்கம் பாதி உண்மையே. அக்காலத்தில் மனித உருவை எளிமைப்படுத்திய சிற்பிகள் பலர் உடலிலிருந்து தேவையற்றவற்றைக் கழித்துக்கொண்டே போனார்கள். போச்சோனி முகத்தையும் கையையும் கழித்தார் என்பது உண்மை. அதே வேளையில் எந்தச் சிற்பியும் உடலின் பகுதியாகக் கருதாத ஒன்றை அவர் அதனுடன் கூட்டினார். நடக்கும் உடலைச் சுற்றியுள்ள காற்றும், அவ்வுடல் சற்றுமுன் இருந்த இடமும், அடுத்து வரப்போகும் இடமும் அவருடைய சிற்பத்தில் தசையைப் போலவே திண்மை பெற்றிருக்கின்றன. பார்ப்பவரைக் குழப்பும் அந்தக் கொழுந்துகள் உடலின் சிதைவு அல்ல, உடலும் வெளியும் ஒன்றோடொன்று உரசிய தடம் என்று கொண்டால் சிற்பம் உடனே தெளிவாகிவிடும். வெளி என்பது இங்கே பொருள்கள் இடம்பெறும் பரப்பு என்னும் பொருளில் வரும் கலைச்சொல்.

போச்சோனி 1882 அக்டோபர் 19 அன்று இத்தாலியின் தென்கோடியில் உள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் பிறந்தார். தந்தை அரசு ஊழியர் ஆகையால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. இருபதாவது வயதையொட்டி உரோம் நகரில் ஜாக்கோமோ பல்லா என்னும் ஓவியரிடம் பயின்ற அவர், 1907இல் மிலான் வந்து சேர்ந்தார். அப்போது வட இத்தாலி தொழிற்சாலைகளாலும் மின்சாரத்தாலும் மோட்டார் வண்டிகளாலும் உருமாறிக்கொண்டிருந்தது. தூரின் நகரில் 1899இல் தோன்றிய ஃபியட் நிறுவனம் கார்களைச் செய்துகொண்டிருந்தது. மிலானின் புறநகரில் நாள்தோறும் புதுக் கட்டடங்கள் எழுந்தன. பழம்பெருமைக்குப் பேர்போன நாடு ஒன்றில், பழமை மட்டுமே கலை என்று கற்பிக்கப்பட்ட தலைமுறைக்கு இந்த மாற்றம் தந்த கிளர்ச்சியை இன்று முழுதாக உணர்வது எளிதன்று.

அக்கிளர்ச்சிக்குக் கொள்கை வடிவம் தந்தவர் கவிஞர் பிலிப்போ தொம்மாசோ மரினெட்டி. பாரிஸின் லெ ஃபிகாரோ நாளேடு 1909 பிப்ரவரி 20 அன்று தன் முதல் பக்கத்தில் வெளியிட்ட அவருடைய அறிக்கையே எதிர்காலவாதம் எனப்படும் ஃப்யூச்சரிச இயக்கத்தின் பிறப்புச் சான்று. வேகத்தைப் புதிய அழகு என்று போற்றிய அவ்வறிக்கை, உறுமிப் பாயும் பந்தயக் கார் ஒன்றைக் கிரேக்கச் சிற்பமான சாமோத்ரேசின் வெற்றித் தேவதைக்கும் மேலாக வைத்தது, அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழிக்க வேண்டும் என்றது, போரையும் புகழ்ந்தது. மறு ஆண்டிலேயே ஓவியர்களுக்கான அறிக்கையில் பல்லாவுடனும் வேறு சிலருடனும் போச்சோனி கையெழுத்திட்டார். இயக்கத்தின் ஓவியக் கோட்பாட்டை வகுத்தவர் பெரும்பாலும் அவரே.

சிற்பத்தின்பால் அவர் திரும்பியது 1912இல். அவ்வாண்டு பிப்ரவரியில் பாரிஸின் பெர்னெய்ம்-ழ்யூன் காட்சிக்கூடத்தில் எதிர்காலவாத ஓவியர்களின் கண்காட்சி நடைபெற்றது. அந்நகரில் கியூபிசம் ஓங்கி நின்ற காலம் அது. கியூபிசம் என்பது ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து கண்டு, அக்கோணங்களைத் துண்டுகளாக ஒரே பரப்பில் அடுக்கும் முறை. ஏப்ரல் மாதத்தில் போச்சோனி தம் பெயரில் தனியாக வெளியிட்ட எதிர்காலவாதச் சிற்பத்தின் தொழில்நுட்ப அறிக்கை, அன்றைய சிற்பக்கூடங்களில் நடந்த எல்லாவற்றையும் சாடியது. மூடிய எல்லைக்கோட்டுக்குள் அடைபட்ட சிலை இனி வேண்டியதில்லை, உருவத்தைப் பிளந்து சுற்றுப்புறத்தை அதனுள் கொண்டுவர வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. சலவைக்கல்லுக்கும் வெண்கலத்துக்கும் மரபு சூட்டிய உயர்வைத் தகர்த்து, கண்ணாடி, மரம், அட்டை, இரும்பு, சிமெண்ட், குதிரைமயிர், தோல், துணி, மின்விளக்கு ஆகியவற்றையெல்லாம் ஒரே சிற்பத்தில் கலந்து பயன்படுத்தலாம் என்று அது பட்டியலிட்டது. அண்மைக் காலச் சிற்பிகளுள் அவர் மனமார ஏற்றுக்கொண்டவர் மெதார்தோ ரோஸ்ஸோ என்னும் இத்தாலியர். மெழுகில் முகங்களைச் செய்து, அவை சுற்றியுள்ள ஒளியில் கரைந்துபோவது போன்ற மயக்கத்தை உண்டாக்கியவர் அவர்.

அறிக்கை எழுதுவது எளிது, சிலை செய்வது கடினம் என்று போச்சோனியைக் கேலி செய்ய நினைத்தவர்களுக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட சிற்பங்களைச் செய்து முடித்து, 1913 ஜூன் மாதத்தில் பாரிஸின் லா போயெத்தி காட்சிக்கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். தாயின் தலையை ஒரு சன்னலோடு பிணைத்த சிற்பம், மேசைமேல் உள்ள புட்டி சுழன்று விரிவதாகக் காட்டிய சிற்பம் ஆகியவற்றுடன், நடக்கும் மனித உருவைப் பொருளாகக் கொண்ட நான்கு சிற்பங்களும் அங்கே இடம்பெற்றன. அந்நான்கில் இறுதியானதும் மிகத் தெளிந்ததும்தான் 'வெளியில் தொடர்ச்சியின் தனித்த வடிவங்கள்'. மற்ற மூன்றும் இன்று இல்லை. நிழற்படங்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

தலைப்பு வறண்ட இயற்பியல் பாடம் போல ஒலித்தாலும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரு வாதத்தில் போச்சோனி எடுத்த நிலையைக் குறிக்கிறது. அசையாத பொருளில் அசைவைக் காட்டுவது எப்படி என்னும் கேள்விக்கு அக்காலத்தில் புதியதொரு விடை கிடைத்திருந்தது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியன் ஜூல் மாரே 1880களில் ஓடும் மனிதனையும் பறக்கும் பறவையையும் சிறு சிறு கால இடைவெளியில் அடுத்தடுத்து ஒரே தகட்டில் நிழற்படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். அப்படங்களில் ஒரே கால் விசிறி மடிப்பைப் போலப் பல கால்களாகத் தெரியும். பல்லா 1912இல் வரைந்த ஓவியத்தில், சங்கிலியில் கட்டி அழைத்துச் செல்லப்படும் நாய்க்கு எண்ணற்ற கால்கள் முளைத்திருப்பது இம்முறையின் தாக்கத்தால்தான். மார்செல் துஷாம்ப் அதே ஆண்டில் வரைந்த, படியிறங்கும் உருவத்தின் ஓவியமும் இதற்கு உறவுடையதே.

போச்சோனிக்கு இம்முறை உடன்பாடு அன்று. ஓர் அசைவைப் பத்துத் துண்டாக வெட்டி அருகருகே வைத்தால் கிடைப்பவை பத்து அசைவற்ற நிலைகள்தாம். அசைவு என்பது அந்தத் துண்டுகளுக்கு இடையிலேயே தப்பிப் போய்விடுகிறது. காலத்தை மணிகள் கோத்த மாலையாகக் கருதக் கூடாது, அது இடையறாத ஒரே ஓட்டம் என்று அக்காலத்தில் எழுதிவந்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஹென்றி பெர்க்சனின் சிந்தனை அவரை ஆழமாகப் பாதித்திருந்தது. தலைப்பில் உள்ள 'தொடர்ச்சி' அங்கிருந்து வருவதே. 1914இல் வெளியிட்ட நூலில் அவர் அசைவை இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு பொருள் நின்றுகொண்டிருந்தாலும் அதன் கட்டமைப்புக்குள் அடங்கியிருக்கும் விசை முதலாவது. அப்பொருள் இடம்பெயரும்போது சுற்றுப்புறத்தோடு அதற்கு மாறிக்கொண்டே இருக்கும் உறவு இரண்டாவது. முன்னதைத் தனி அசைவு என்றும் பின்னதைச் சார்பு அசைவு என்றும் கொள்ளலாம். இரண்டும் ஒன்றாகத் திரண்டு எந்த ஒரே வடிவத்தில் அமைய முடியுமோ அதுவே அவர் தேடிய 'தனித்த வடிவம்'. பல கால்களை அடுக்காமல், இரண்டே கால்களைக் கொண்டு, ஆனால் அந்த இரண்டின் தசையையும் அவை கடக்கும் வெளியின் உருவாகவே வளைத்துவிடுவது என்பதுதான் அவர் கண்ட வழி. ஓடும் வண்டியின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்குக் காற்று எவ்வளவு திடமான பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த அழுத்தத்தைக் கண்ணால் காணும் வடிவமாக்கியது போச்சோனியின் சாதனை.

இதற்கு முன்னோடிகளே இல்லை என்று சொல்வதற்கில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் செய்த, தலையும் கைகளும் இல்லாமல் கால்களை அகற்றி அடியெடுத்து வைக்கும் 'நடக்கும் மனிதன்' அன்று கலையுலகம் முழுதும் அறிந்த சிற்பம். அதில் இரு பாதங்களும் தரையில் அழுந்தியிருக்க, உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தை ரொதான் பிடித்திருந்தார். அதைவிட நெருக்கமான உறவினர், நகைப்புக்கு இடமளிக்கும் வகையில், மரினெட்டி இழித்துரைத்த சாமோத்ரேசின் வெற்றித் தேவதையேதான். கப்பலின் முன்முனையில் வந்து இறங்கும் அந்தத் தேவதைக்கும் இன்று தலையும் கைகளும் இல்லை. கடற்காற்றில் ஆடை உடலோடு ஒட்டி, கால்களுக்குப் பின்னே மடிப்பு மடிப்பாக அலைகிறது. ஆடையைக் களைந்துவிட்டு அந்த மடிப்புகளைத் தசையிலேயே ஏற்றினால் போச்சோனியின் உருவத்துக்கு வெகு அருகில் வந்துவிடலாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை எரித்துவிடக் கிளம்பிய இயக்கத்தின் தலைசிறந்த சிற்பம், அந்தப் பழமையின் உச்சத்தோடு இவ்வாறு உறவு கொண்டாடுவதை இயக்கத்தார் விரும்பியிருக்கமாட்டார்கள்.

போச்சோனி தம் சொந்த அறிக்கையிலிருந்தும் இங்கே விலகியிருக்கிறார். கண்ணாடியும் குதிரைமயிரும் மின்விளக்கும் வேண்டும் என்று எழுதியவர், இச்சிற்பத்தை ஒரே பொருளில், ஒரே நிறத்தில் செய்தார். வேறு சில சிற்பங்களில் அவர் மெய்யாகவே சன்னல் சட்டத்தையும் மயிரையும் பதித்திருந்தார். அவற்றின் நிழற்படங்களைக் காணும்போது, அறிக்கைக்குக் கீழ்ப்படிந்தவை சோதனைகளாக நின்றுவிட, அதை மீறியதே கலையாக நிலைத்தது என்ற தீர்ப்பைத் தவிர்க்க முடியவில்லை. சன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துக் கொண்டுவந்து தலையில் பொருத்துவதைவிட, சுற்றுப்புறத்தின் விசையை உடலின் வளைவிலேயே ஏற்றிவிடுவது பொருத்தமான வழி.

பாரிஸ் சாந்துச் சிற்பம் வெண்கலமான கதைக்கு வருமுன், உலோக வார்ப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சுவாமிமலை ஸ்தபதிகளின் முறை ஓரளவு அறிமுகமானது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கலவையில் ஸ்தபதி முழு உருவத்தையும் கையால் வடித்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்க, மெழுகு உருகி வழிந்துவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைத்தால் படிமம் வெளிவரும். மெழுகும் போய்விட்டது, அச்சும் உடைந்துவிட்டது என்பதால் அதே படிமத்துக்கு மறு படி கிடையாது. ஐரோப்பிய வார்ப்படச் சாலைகளின் வழக்கம் வேறு. அங்கே சிற்பி சாந்தில் செய்து தரும் உருவத்தின்மேல், பிரித்தெடுக்கக்கூடிய துண்டுகளால் ஆன அச்சைப் பொருத்தி எடுத்து, அவ்வச்சிலிருந்து உள்ளீடற்ற மெழுகுப் படிகளை வேண்டிய அளவு உண்டாக்கி, ஒவ்வொன்றையும் வெண்கலமாக வார்த்துக்கொள்ளலாம். வார்க்கும் ஆட்கள் வேறு, சிற்பி வேறு. சிற்பி உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாந்து உருவம் கையில் இருந்தால் போதும்.

அப்படித்தான் நடந்தது. இத்தாலி முதல் உலகப்போரில் இறங்கிய 1915இல் போச்சோனி மரினெட்டி முதலானோருடன் சைக்கிள், மோட்டார் தொண்டர் படையில் சேர்ந்தார். படை கலைக்கப்பட்டபின் பீரங்கிப் பிரிவுக்கு அழைக்கப்பட்ட அவர், வெரோனா நகருக்கு அருகே பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, 1916 ஆகஸ்ட் 17 அன்று 33ஆம் வயதில் உயிரிழந்தார். எந்திர வேகத்தைக் கொண்டாடிய இயக்கத்தின் முதன்மைக் கலைஞரை ஒரு குதிரை வீழ்த்தியது பலரும் சுட்டிக்காட்டும் முரண்தான். ஆனால் அவர் 1910இல் வரையத் தொடங்கிய 'எழும் நகரம்' என்னும் பெரும் ஓவியத்தைக் கண்டவர்கள் அதை அவ்வளவு முரணாகக் கருதமாட்டார்கள். புதிய மிலான் கட்டி எழுப்பப்படும் காட்சியைத் தீட்டும் அந்த ஓவியத்தின் நடுவே நின்று பாய்வது எந்திரம் அன்று, செந்நிறமான ஒரு மாபெரும் குதிரை.

அவர் இறந்த சில மாதங்களில் மிலானில் நினைவுக் கண்காட்சி ஒன்று நடந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் அவருடைய சாந்துச் சிற்பங்களுள் பெரும்பாலானவை கவனிப்பாரின்றி அழிந்தன. சாந்து என்பது கல்லும் உலோகமும் போல் தானே தன்னைக் காத்துக்கொள்ளும் பொருள் அன்று. ஈரத்தில் இளகும், தட்டினால் நொறுங்கும், சிற்பியின் பெயர் மங்கிய காலத்தில் இடத்தை அடைக்கும் குப்பையாகவே கருதப்படும். 'தனித்த வடிவங்கள்' மரினெட்டியின் கைக்கு வந்ததால் தப்பியது. 1931இல் முதல் வெண்கலப் படிகள் வார்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று மிலானிலும் மற்றொன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் படி 1950ஆம் ஆண்டைத் தாங்கியது. டேட் காட்சிக்கூடத்தின் படி 1972ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 1972இல் உரோம் நகரின் காட்சிக்கூடம் ஒன்று வெளியிட்ட வரிசை, சாந்திலிருந்து எடுக்கப்பட்டது அன்று. முன்பே வார்த்த வெண்கலப் படி ஒன்றின்மேல் அச்செடுத்து வார்க்கப்பட்டது. வெண்கலம் ஆறும்போது நூற்றில் ஓரிரு பங்கு சுருங்கும் இயல்புடையது ஆகையால், படியிலிருந்து எடுத்த படி மூலத்தைவிட மிகச் சிறிதளவு குறுகியும், விளிம்புகளின் கூர்மை சற்று மழுங்கியும் இருக்கும். இவ்வாறு சிற்பியின் கையிலிருந்து இரண்டு தலைமுறை தள்ளிப் பிறந்த படி ஒன்றுதான் 2019 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 1.6 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. அழியும் பொருளில் செய்து வைத்துவிட்டு வறுமையில் வாழ்ந்த சிற்பிகளைப் பற்றிப் பேசும்போது கலைச் சந்தை காட்டும் உருக்கம், ஏலக் கூடத்துக்குள் வந்ததும் எங்கே போய்விடுகிறது என்பது வேறு கதை.

வெண்கலம் சிற்பத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பே. வெள்ளைச் சாந்தில் ஒளி பரவி நிற்கும். வளைவுகளில் நிழல் மெல்லத் தொடங்கி மெல்ல முடியும். முழு உருவமும் காற்றிலிருந்து திரண்டதைப் போன்ற எடையற்ற தன்மை பெறும். மெருகேற்றிய வெண்கலத்தில் ஒளி பரவுவதில்லை, வழுக்கிச் செல்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பொன்னிறப் படியைச் சுற்றி நடப்பவரோடு சேர்ந்து பளபளப்பும் தொடையிலிருந்து கெண்டைக்காலுக்கும் அங்கிருந்து குதிகாலுக்கும் ஓடுகிறது; அசைவற்ற உலோகத்தில் மெய்யாகவே ஏதோ ஒன்று அசைகிறது. இது வெண்கலம் தந்த கொடை, சாந்தால் தர முடியாதது. அதே வெண்கலம் உருவத்துக்கு எந்திரத்தின் சாயலையும் ஏற்றிவிட்டது. கவசம் பூண்ட வீரன் என்றும், எந்திர மனிதன் என்றும், வருங்காலப் போரின் முன்னறிவிப்பு என்றும் இச்சிற்பத்தைப் பலர் படிப்பதற்கு அதன் உலோகத் தோலும் ஒரு காரணம். மரினெட்டி 1919இல் முசோலினியின் பாசிச இயக்கத்தின் தொடக்கக் கூட்டத்தில் பங்கேற்றவர் என்பதும், எதிர்காலவாதிகளின் போர் வெறி மறுக்க முடியாதது என்பதும் உண்மையாயினும், 1916இலேயே இறந்துவிட்ட போச்சோனியின் சாந்து உருவத்தில் அந்தப் பின்கதை முழுவதையும் ஏற்றுவது நியாயம் ஆகாது. கையில் ஆயுதம் தாங்கிய வீரனைத் தேடுகிறவர்களுக்கு இவ்வுருவத்தில் கைகளே இல்லை என்பது நினைவில் இருக்க வேண்டும். வெண்கலம் இதற்குப் புகழைத் தந்தது, ஒளியைத் தந்தது, கூடவே இதற்கு உரியதல்லாத ஒரு முரட்டுத்தனத்தையும் தந்தது என்பதே சரியான மதிப்பீடாகும்.

இழந்தவற்றை மீட்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. நடக்கும் உருவங்களுள் அழிந்துபோன மூன்றையும் மனிதத் தலையைப் பொருளாகக் கொண்ட ஒரு சிற்பத்தையும் பழைய நிழற்படங்களின் துணையால் கணினியில் முப்பரிமாண வடிவமாக்கி, அச்சிட்டு, 2019இல் இலண்டனின் எஸ்டோரிக் காட்சியகத்தில் வைத்தார்கள். அவற்றோடு ஒப்பிடும்போது இறுதிச் சிற்பத்துக்குச் சிற்பி எவ்வளவு கழித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்பது தெரிகிறது. முந்தையவற்றில் தசைகள் பிதுங்கி நெருக்கியடித்து நின்றன. இறுதியானதில்தான் ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவுக்கு வழிவிட்டு ஒரே திசையில் ஓடக் கற்றுக்கொண்டது.

இத்தாலியில் இச்சிற்பத்தைக் காண அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 2002 தொடங்கிப் புழக்கத்தில் உள்ள இத்தாலிய யூரோ நாணயங்களுள் 20 சென்ட் நாணயத்தின் ஒருபுறம் இவ்வுருவம் பக்கவாட்டுத் தோற்றத்தில் நடந்து செல்கிறது. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே கைகால்களை விரித்து நிற்கும் லியோனார்தோ தா வின்சியின் மனிதன் அதே நாட்டின் 1 யூரோ நாணயத்தில் இருக்கிறான். அளவுகளுக்குள் சரியாகப் பொருந்தி நிற்கும் மனிதனும், எந்த அளவுக்குள்ளும் நிற்காமல் வெளியேறிப் போகும் மனிதனும் ஒரே சட்டைப் பையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கிறார்கள். ஐந்து போச்சோனிகளைக் கொடுத்தால் ஒரு லியோனார்தோ கிடைப்பார்.

சிற்பியின் விரல் பட்ட மூலச் சாந்துருவம் இத்தாலியில் இல்லை. பிரேசில் தொழிலதிபரும் கலைச் சேகரிப்பாளருமான பிரான்சிஸ்கோ மத்தராஸ்ஸோ சோப்ரின்யோ 1952இல் மரினெட்டியின் மனைவி பெனதெத்தாவிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார். அது இப்போது சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.